முடிச்சுப் போடாதீங்க

என் மகன் 2017இல் பெங்களூரில் பிறந்தான். அவன் டயப்பர் போட்ட இரண்டரை வருடத்துக்குள் நாங்கள் மூன்று ஊர் மாறிவிட்டோம். அந்த டயப்பரை எங்கே போடுவது என்று கேட்டால் மூன்று ஊரிலும் மூன்று பதில். பெங்களூரில் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, சிவப்புத் தொட்டியில் தனியாகப் போட வேண்டும். அங்கிருந்து கனடா, டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் போனோம். அங்கே சோற்று மிச்சம், வாழைப்பழத் தோல் எல்லாவற்றோடும் சேர்த்துப் பச்சைத் தொட்டியிலேயே போடு என்றார்கள். அப்புறம் வேலை மாறி, அதே டொராண்டோவுக்கு மேற்கே ஒட்டியிருக்கும் பிராம்ப்டனுக்கு வீடு மாற்றினோம். அங்கே பச்சைத் தொட்டியில் டயப்பர் கூடவே கூடாது.

அப்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சரியான தூக்கம் இல்லாத நாட்கள், இடுப்பில் குழந்தை, இதில் குப்பைக்கும் ஊருக்கு ஒரு சட்டமா என்று. பிறகு கேட்டும் படித்தும் நேரில் போய்ப் பார்த்தும் ஒவ்வொன்றாக விளங்கியது. மூன்று ஊர்க்காரர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் நம் குப்பை ஒருவர் கைக்குப் போகிறதா, இயந்திரத்துக்குப் போகிறதா, இயந்திரம் என்றால் எந்த மாதிரி இயந்திரம், இதைப் பொறுத்துத்தான் விதி. அந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே பிரித்துக் கொடுப்பார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் எந்த ஊரிலும் அதை முதலில் சொல்வதில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று படம் போட்ட நோட்டீஸ்தான் முதலில் வருகிறது.

பெங்களூரில் இருந்தே தொடங்குகிறேன், நான் பாடம் படித்தது அங்கேதான். 2012இல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது அந்த நகரத்துத் தெருமுனைகளில் குப்பை மலை மலையாகக் குவிந்தது. உங்கள் குப்பையால் எங்கள் தண்ணீர் கெட்டது போதும் என்று சுற்றுப்பட்ட கிராமத்தார் மறித்துவிட்டார்கள். மண்டூர் என்ற இன்னொரு கிடங்கிலும் போராட்டம் நடந்து 2014இல் லாரிகள் போவது நின்றது. அதன் பிறகுதான் நகரம் உண்மையிலேயே பிரிக்க ஆரம்பித்தது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்று உத்தரவிட்டது. ஈரக்குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின் டயப்பர் வகையறாவுக்குச் சிவப்புத் தொட்டி, காகிதம் பிளாஸ்டிக் போன்ற உலர்ந்தவை எல்லாம் ஒரு பையில். அடுத்த ஆண்டே மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 வந்தன. பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று அதில் தெளிவாகவே இருந்தது.

எங்கள் குடியிருப்பில் இதெல்லாம் ஒட்டியிருந்தார்கள். நானும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன், அந்தச் சிவப்புப் பேனா விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. காகிதத்தில் சுற்றியாயிற்று, அதற்கு மேல் குறி எதற்கு என்ற அலட்சியம். ஒரு சனிக்கிழமை பழைய சூட்கேஸ் ஒன்றைக் கொடுக்க எங்கள் வார்டின் உலர் கழிவு மையத்துக்கு நானே போனேன். பெங்களூரில் இந்த மையங்களில் பலவற்றை, முன்பு தெருவில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே நடத்துகிறார்கள். ஹசிரு தள என்ற அமைப்பு அவர்களுக்குத் துணையாக இருக்கிறது. தகரக் கொட்டகை, உள்ளே விரித்த தார்ப்பாய், அதைச் சுற்றி நாலைந்து பெண்கள். ஒருவர் தமிழ் பேசினார், பூர்வீகம் தருமபுரிப் பக்கமாம். பையைக் கவிழ்ப்பார், பால் கவர் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம், அதன் மூடி வேறு பக்கம், கை நிற்கவே இல்லை. பேசிக்கொண்டே ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே பிரித்தும் விட்டார். டயப்பர்.

முகம் சுளிக்கவில்லை. காகிதத்தை ஒரு குவியலிலும் அதை இன்னொரு வாளியிலும் போட்டுவிட்டு, "பேப்பருன்னு நெனச்சுப் பிரிச்சிடுறோம்மா, பேப்பருக்குக் காசு வருதில்ல. மேல செவப்புக் கோடு இருந்தா தொடவே மாட்டோம்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அந்தக் குறி அவருடைய கைக்காகத்தான். நான் அதுவரை எத்தனை பொட்டலம் குறி இல்லாமல் போட்டிருப்பேன் என்று கணக்குப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே குளியலறை அலமாரியில் சிவப்பு மார்க்கரை நூலில் கட்டித் தொங்கவிட்டேன், இன்றும் எந்த வீட்டுக்கு மாறினாலும் முதலில் செய்கிற வேலை அதுதான்.

இந்தப் பழக்கத்தோடு ஸ்கார்பரோ போனவளுக்கு, டயப்பரைச் சாப்பாட்டுக் கழிவோடு போடு என்றால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு வாரம் கை வரவே இல்லை. அங்கே பச்சைத் தொட்டியை வாரா வாரம் எடுப்பார்கள், மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியையும் சாதாரணக் குப்பையையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றி மாற்றி எடுப்பார்கள். சாதாரணக் குப்பைத் தொட்டி பெரிதாக வேண்டும் என்றால் கட்டணமும் அதற்கேற்ப ஏறும், அதனால் எல்லோரும் பச்சையிலும் நீலத்திலும் ஒழுங்காகப் போடத்தான் பார்ப்பார்கள். ரக்கூன் என்ற பிராணி ராத்திரியில் வந்து கிளறாமல் இருக்க 2016இல் இருந்து பூட்டுப் போட்ட மாதிரி மூடி வைத்த தொட்டியையே நகராட்சி கொடுத்தது. டயப்பர் சமாச்சாரம் எப்படி என்றால், டொராண்டோவின் பச்சைத் தொட்டிக் குப்பை டிஸ்கோ ரோடு, டஃபரின் என்ற இரண்டு ஆலைகளுக்குப் போகிறது. அங்கே எல்லாவற்றையும் தண்ணீரோடு சேர்த்து மிகப் பெரிய கலனில் போட்டு, நாம் கிரைண்டரில் மாவு ஆட்டுகிற மாதிரி, கூழாக ஆட்டுகிறார்கள். பிளாஸ்டிக் மேலே மிதக்கும், அதை வாரி எடுத்துவிடுவார்கள். மண், கல், எலும்புத் துண்டு அடியில் தங்கும். நடுவில் இருக்கும் கூழ் மட்டும் காற்றுப் புகாத தொட்டிக்குள் போய், நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு ஆக்குகின்றன. மிஞ்சுவது உரத்துக்கு. வாரி எடுத்த பிளாஸ்டிக் கடைசியில் மண்ணில் புதைக்கத்தான் போகிறது, ஆக டயப்பர் முழுசாக உரமாகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மனிதக் கை அதில் படுவதில்லை.

பிராம்ப்டன் இருப்பது பீல் வட்டாரத்தில். அங்கே அப்போது பச்சைத் தொட்டிக் குப்பையை மூடிய கொட்டகைகளில் காற்று ஊதி மக்க வைத்தார்கள். கூழாக ஆட்டி பிளாஸ்டிக்கைப் பிரிக்கிற வேலை அந்த முறையில் இல்லை. டயப்பரைப் போட்டால் அதன் பிளாஸ்டிக் துணுக்கு துணுக்காக உரத்துக்குள் போய், யாருடைய தோட்டத்திலோ மண்ணோடு கலந்து கிடக்கும். அதனால்தான் கூடாது. தொட்டிக்குள் விரிக்கிற பைகூட மக்கக்கூடிய பையாக இருக்க வேண்டும் என்றார்கள், டொராண்டோவில் சாதாரணக் கடைப் பையே போதுமாயிருந்தது. இந்த விளக்கம் தெரிந்த அன்றே எனக்கு எரிச்சல் போய்விட்டது. தெரியாதவர்கள் பழைய ஊர்ப் பழக்கத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நகரத்துக்கு நகரம் மாறும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஸ்கார்பரோவில் இன்னொன்று நடந்தது. அங்கே நம் கடைகளில் கொத்து ரொட்டி வாங்கினால் அடிப்பாகம் கறுப்பாக, மூடி கண்ணாடி மாதிரி இருக்கும் டப்பாவில் தருவார்கள். நல்ல கெட்டியான டப்பா, நான் எண்ணெய் போகக் கழுவி நீலத் தொட்டியில் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், ஒரு நாள் பார்த்துவிட்டு, "பிள்ளை, மூடியை மட்டும் போடுங்கோ, கறுப்பை அவை எடுக்க மாட்டினம்" என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வருவதை வைத்து இது என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கிறது. கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. இயந்திரத்தைப் பொறுத்தவரை அங்கே டப்பாவே இல்லை. நான் செலவழித்த வெந்நீரும் சோப்பும் வீண்.

எதற்கும் இருக்கட்டும், அவர்கள் பிரித்துக்கொள்வார்கள் என்று நல்ல எண்ணத்தில் போடுகிறோமே, அதுதான் மறுசுழற்சியில் பெரிய கேடு. ஒரு பாட்டில் நல்லெண்ணெய் மிச்சம் போதும், ஒரு பை காகிதம் நாசமாக. (டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் 2023 ஜூலையில் தொடங்கி 2025 முடிய, நீலத் தொட்டிப் பொறுப்பை நகராட்சிகளிடம் இருந்து எடுத்து, பொட்டலம் போட்டு விற்கிற நிறுவனங்களிடமே ஒப்படைத்தார்கள். விற்றவனே திரும்ப எடுத்துக்கொள் என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. பச்சைத் தொட்டி மட்டும் இன்னும் அந்தந்த ஊரின் பாடு.)

தென்கொரியாவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் தோழியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் இன்னொன்று சொன்னாள். அங்கே உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைக்க 2005இல் இருந்தே தடை. அவள் குடியிருப்பில் உணவுக் கழிவுத் தொட்டியே எடை போட்டு, எடைக்குத் தக்கபடி காசு பிடிக்குமாம். ஆனால் எலும்பு, முட்டை ஓடு, நண்டு ஓடு, வெங்காயச் சருகு, தேயிலைச் சக்கை இதெல்லாம் அதில் போடக் கூடாது. சமையலறையில் இருந்து வருகிற வெங்காயச் சருகு உணவுக் கழிவு இல்லையாம்! காரணம் எளிது, அந்தக் கழிவில் கணிசமான பங்கு விலங்குகளுக்குத் தீவனமாகிறது. விலங்கு தின்னாததை அதில் போடாதே. கேட்ட உடனே எனக்கு எங்கள் துறையூர்ப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. கழனித்தண்ணிப் பானையில் அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் போடலாம், வெங்காயத்தோல் போட்டால் திட்டு விழும், மாடு வாய் வைக்காது என்பார். கொரியாவின் விதியும் பாட்டியின் விதியும் ஒன்றுதான்.

பாட்டி வீட்டில் குப்பை என்ற சொல்லுக்கே வேறு பொருள். குப்பை என்றால் உரம். சாணி, சாம்பல், மாட்டுக்குப் போட்டு மிஞ்சின தட்டை, வீடு பெருக்கியது எல்லாம் கொல்லையில் இருக்கும் குப்பைக்குழிக்குப் போகும், ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வண்டி கட்டி வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். தூக்கி எறிவதற்கும் அதே சொல்தான் என்று பாட்டி வீட்டில் ஆனது பிளாஸ்டிக் வந்த பிறகு.

சொல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். தமிழ்நாட்டில் தொட்டி மேல் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எழுதுகிறோம். கன்னடத்தில் ஹசி கச, ஒண கச என்பார்கள், அதாவது ஈரக்குப்பை, உலர்ந்த குப்பை. இது சின்ன வித்தியாசம் இல்லை. செய்தித்தாள் மக்குமா மக்காதா? மக்கும். அட்டைப்பெட்டி? மக்கும். அப்போது எங்கள் அம்மா அதைக் காய்கறித் தோலோடு பச்சைத் தொட்டியில் போட்டது அவர் தப்பா? தொட்டி சொன்னபடிதானே செய்தார். அட்டையும் காகிதமும் உலர்ந்தவற்றோடு போனால் காயலான் கடையில் காசு, சாம்பார் மிச்சத்தோடு போனால் யாருக்கும் பயனில்லை. ஈரமா, காய்ந்ததா என்று கேட்டால் நாலு வயதுக் குழந்தை சரியாகப் பிரிக்கும், என் மகன் பிரித்தான். மக்குமா என்று கேட்டால் வேதியியல் தெரிய வேண்டும். ஈரக்குப்பை, உலர் குப்பை என்று நம் தொட்டிகளிலும் மாற்றி எழுதினால் எத்தனையோ குழப்பம் தீரும்.

2022இல் நாங்கள் சென்னையின் தெற்குப் புறநகருக்கே, அம்மா வீட்டுக்கே வந்துவிட்டோம். வந்த கொஞ்ச நாளில், ஏப்ரல் கடைசியில், பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மேல் பல ஆண்டுகளாகக் கொட்டிய குப்பை அது. ஈரக்குப்பை காற்றுப் படாமல் அடியில் அழுகினால் மீத்தேன் வரும், அது எரியக்கூடிய வாயு. நம் வீட்டுச் சோறும் தோலும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போனால் நடப்பது இதுதான். அந்த வாரமே மொட்டை மாடியில் இரண்டு பெயிண்ட் டப்பாவில் துளை போட்டு உரம் தயாரிக்க ஆரம்பித்தேன்.

பெங்களூரில் ஒருமுறை முயன்று, புழு வைத்து, நாற்றம் என்று புகார் வந்து, குடியிருப்புச் சங்கத்தினர் சொல்லி நிறுத்தியிருந்தேன். இரண்டாம் முறை என்ன மாற்றினேன் என்றால் ஒன்றே ஒன்றுதான், காய்ந்தது. ஒரு கை ஈரம் போட்டால் அதை மூடும் அளவுக்கு இரண்டு கை காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள். தொடக்கத்தில் புளித்த மோரில் சாணி கரைத்துத் தெளித்தேன். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்ததைப் போட்டுக் கிளற வேண்டும். எதுவுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்தது அதிகம், தண்ணீர் தெளிக்க வேண்டும். தடித்த பழுப்புப் புழுக்கள் வந்தால் பயப்பட வேண்டாம், அவை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டுப் போய்விடும். மீன், கறி மிச்சம் மட்டும் நான் போடுவதில்லை, பூனைகள் டப்பாவை உருட்டிவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து முதல் டப்பாவைக் கவிழ்த்தபோது காப்பித்தூள் மாதிரி பொலபொலவென்று கொட்டியது. முட்டை ஓடு மட்டும் வெள்ளை வெள்ளையாக அப்படியே இருந்தது, புளியங்கொட்டை இரண்டு முளை விட்டிருந்தது, மூன்று மாதமாக அம்மா தேடிக்கொண்டிருந்த சின்ன எவர்சில்வர் ஸ்பூனும் கிடைத்தது.

ஈரக்குப்பை இப்படி வீட்டிலேயே நின்றுவிட்டது. உலர்ந்ததைப் பிரித்துக் கொடுத்தேன். முதல் மாதத்தில் நான் தனியாகக் கொடுத்த பையைத் தெருமுனையில் மற்றதோடு ஒன்றாகவே வண்டியில் கொட்டுவதைப் பார்த்தேன். நெஞ்சு எரிந்தது. இதனால்தான் நிறையப் பேர் நாம் பிரித்து என்ன பயன் என்று விட்டுவிடுகிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் விடவில்லை, மறுநாள் வண்டி வந்தபோது காத்திருந்து அந்தத் தூய்மைப் பணியாளரிடமே கேட்டேன். "வண்டியில தடுப்பு ஒடஞ்சிருச்சுக்கா, சொல்லியிருக்கோம்" என்றார். அப்புறம் தயங்கி, "நீங்க தெனமும் குடுக்காதீங்க. உலந்தத வாரத்துக்கு ஒருநா, புதன்கிழம குடுங்க, நான் தனிச் சாக்குல கட்டி ஓரமா தொங்க விட்டுக்குறேன்" என்றார். அவர் சொன்னதுதான் எங்கள் தெருவில் இப்போது நடைமுறை, பதினோரு வீட்டில் புதன்கிழமைதான் உலர் குப்பை. பால் கவரை அவரும் கூட வருகிறவரும் தனியாகச் சேர்த்துக் காயலான் கடையில் போடுகிறார்கள். சிப்ஸ் கவரை யாரும் வாங்குவதில்லை, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிப்போன அடுக்குகளைப் பிரிக்க முடியாது, சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிக்கத்தான் போகும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை சாக்கைக் கொடுக்கும்போது, "வேற எதாவது மாத்தணுமா அக்கா?" என்று கேட்டேன். கவரைக் கழுவித்தான் கொடுக்கிறோம், பிளேடைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் குறி போடுகிறோம், எல்லாம் சரியாகவே செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

அவர் உடனே சொன்னார். "கவருக்கு முடிச்சுப் போடாதீங்க. ஒவ்வொண்ணா அவுக்குறதுக்குள்ள வெரல் நகம் போயிருது. சும்மா மடிச்சு வைங்க போதும்."

நான் பார்த்த எந்த ஊர் நோட்டீஸிலும் இந்த விதி கிடையாது. உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு கவர் மிச்சமில்லாமல் முடிச்சுப் போட்டு, பட்டாணிப் பொட்டலம் மாதிரி அடுக்கி வைப்பார், நாற்பது வருடப் பழக்கம். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் காப்பி கொடுக்கப் போனபோது பின்வாசல் படியில் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்குச் சேர்த்திருந்த சாக்கை மடியில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.